வியாழக்கிழமை வகுப்பு

ஜனவரி 14

அன்புள்ள என்னவருக்கு,

நான் நலம். நீங்களும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுக்கு இருமல் விட்டதா? வராந்தா போனில் பேசினால் பின்னால் ஐந்து பேர் வரிசையில் நின்று என் முதுகையே பார்க்கிறார்கள். 'நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்' என்பதைத் தவிர வேறெதுவும் வாயில் வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வந்து மூன்று மாதம் ஓடிவிட்டது. இல்லத்தில் முப்பத்திரண்டு முதியவர்கள் இருக்கிறார்கள். ஐந்தாம் அறை முதல் பத்தாம் அறை வரை என் பொறுப்பு. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது, சக்கர நாற்காலியில் கூடத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் கைக்குப் பழகிவிட்டன. வாய்தான் பழகவில்லை. போன மாதம் எட்டாம் அறை அம்மா "கோல்டு, கோல்டு" என்று கத்தினார். தங்கத்தைத் தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று நான் மெத்தைக்கடியில் வளையலைத் தேடிக்கொண்டிருந்தேன். பாவம், அவருக்குக் குளிர். என்னோடு வேலை பார்க்கும் நெட்டை அக்கா ஓடிவந்து போர்த்திவிட்டாள். அன்று முழுக்க எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறேன். சனிக்கிழமை மதியம் நூலகத்து மாடியில் ஆங்கில வகுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்றார்கள், சேர்ந்துவிட்டேன். சொல்லித்தருபவர் பேருந்து ஓட்டுநர். இலக்கணம் எல்லாம் கிடையாது. வாரம் ஒரு இடம். ஒரு வாரம் மருந்துக்கடை, ஒரு வாரம் பேருந்து நிறுத்தம். அந்த இடத்தில் மனிதர்கள் என்ன பேசிக்கொள்வார்களோ அதை நாங்கள் பேச வேண்டும். சொந்தபந்தம் இல்லாத சொல் மனதில் தங்காது என்கிறார். நான் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்கிறேன்.

'ஐ ஆம் ரன்னிங் லேட்' என்றால் யாரும் ஓடவில்லை, யாரும் சாகவும் இல்லை. எனக்கு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான். 'கீப் ஆன் ஐ ஆன் ஹிம்' என்றால் அவர்மேல் ஒரு கண் வைத்துக்கொள் என்று பொருள். நான் சாப்பிடப் போகும்போது நெட்டை அக்காவிடம் சொல்வேன். 'ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்பதை நேற்றுதான் கற்றேன். ஆறாம் அறையில் ஒரு கணக்கு வாத்தியார் இருக்கிறார். பிஸ்கட் டப்பாவை நீட்டி அப்படிச் சொன்னார். உனக்கு நீயே உதவி செய்துகொள் என்று திட்டுகிறார் என்று நினைத்துக் கண் கலங்கிவிட்டது. எடுத்துக்கொள் என்று அர்த்தமாம்.

நாம் பேசிக்கொண்டபடி நீங்களும் இவற்றைப் படியுங்கள். இரண்டு வருடம் கழித்து நீங்களும் பாப்பாவும் இங்கே வரும்போது நான் ஒருத்தியே எல்லோருக்கும் வாயாக இருக்க முடியாது.

உங்கள்,
பாப்பா அம்மா


பிப்ரவரி 2

என் அன்பு மனைவிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்கு இருமல் போய் வாய் வந்திருக்கிறது. நாள் முழுக்கப் பேசுகிறாள். நீ எழுதிய தங்கக் கதையைப் பள்ளியில் போய் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

கடையில் வேலை இருக்கிறது. போன வாரம் மட்டும் ஒன்பது பேர் இரண்டாவது சாவி செய்யச் சொல்லி வந்தார்கள். இத்தனை வருடத்தில் ஒன்று கண்டேன். இரண்டாவது சாவி கேட்டு வருபவர்களில் பாதிப் பேருக்கு முதல் சாவி தொலைந்தே இருக்காது. வீட்டில் இருக்கிற ஆள்மேல்தான் சந்தேகம். நான் எதுவும் கேட்பதில்லை. அரத்தை எடுத்து வேலையைப் பார்க்கிறேன்.

உன் வாக்கியங்களை எதிர்க்கடை டைப் மாஸ்டரிடம் காட்டினேன். எல்லாம் சரி என்றார். 'ஹெல்ப் யுவர்செல்ஃப்' என்பதைப் படித்துவிட்டு மட்டும் லேசாகச் சிரித்தார். ஏன் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார். அந்த வாத்தியாருக்கு எத்தனை வயது? படுத்த படுக்கையா, எழுந்து நடமாடுவாரா?

இன்னொன்று. பஸ் ஓட்டுகிற மனுஷன் எப்படி ஆங்கிலம் சொல்லித்தருகிறார்? அவருக்குக் குடும்பம் உண்டா? வகுப்பில் எத்தனை பெண்கள், எத்தனை ஆண்கள்? தப்பாக நினைக்காதே. தெரியாத ஊரில் தனியாக இருக்கிறாய், கேட்கிற கடமை எனக்கு இருக்கிறது. கண் வைத்துக்கொள் என்ற வாக்கியம் எனக்குப் பிடித்தது. மனப்பாடம் செய்துவிட்டேன்.

சனிக்கிழமை வகுப்பு எத்தனை மணிக்கு முடியும், எத்தனை மணிக்கு அறைக்குத் திரும்புவாய் என்று எழுது.

உன்,
பாப்பா அப்பா


பிப்ரவரி 22

அன்புள்ள என்னவருக்கு,

கேட்டதற்கெல்லாம் பதில். வாத்தியாருக்கு எண்பத்தொன்று. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவே இரண்டு பேர் வேண்டும். ஓட்டுநருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும், பேரன் இருக்கிறான். வகுப்பில் பதினொரு பேர், அதில் ஏழு பேர் பெண்கள். நான்கு மணிக்கு முடியும். நாலே முக்காலுக்கு அறையில் இருப்பேன். வழியில் ஒரு பாலம் வரும், அதில் நிற்காமல் வருகிறேன். போதுமா?

இந்தத் தடவை எழுத அதிகம் இல்லை. வேலை கூடிவிட்டது. தூக்கம் சரியில்லை, ஆனால் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய முடியாமல் போய்விட்டது, வருத்தப்பட வேண்டாம்.

வாக்கியங்கள்: 'ஐ வாஸ் நாட் இன் த ரூம்', நான் அந்த அறையில் இல்லை. 'ஐ டிட் நாட் டச் ஹிம்', நான் அவரைத் தொடவில்லை. 'ஹூ டோல்டு யூ தட்', உங்களுக்கு அப்படி யார் சொன்னது? 'நோபடி ஆஸ்க்டு மீ', என்னை யாரும் கேட்கவில்லை.

இந்த வாரப் பாடம் இவைதான். இவற்றை டைப் மாஸ்டரிடம் காட்ட வேண்டாம். அர்த்தம்தான் நானே எழுதிவிட்டேனே.

பாப்பாவின் கணக்கு மதிப்பெண்ணை அனுப்புங்கள். அவள் தலைமுடியை வெட்டிவிடாதீர்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள்,
பாப்பா அம்மா


மார்ச் 12

அன்புள்ள மனைவிக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். நீ வேண்டாம் என்று எழுதியதாலேயே டைப் மாஸ்டரிடம் காட்டினேன். மறைக்கச் சொல்கிற இடத்தில்தான் ஏதோ இருக்கும் என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இதெல்லாம் கோர்ட்ல பேசுற பேச்சு. இல்லேன்னா வீட்ல மாட்டிக்கிட்டவங்க பேசுற பேச்சு" என்றார். அன்று ஒரு சாவியைத் தப்பாக ராவி வீணாக்கிவிட்டேன்.

நீ வாரம் ஒரு இடம் என்று எழுதியிருந்தாய். இது எந்த இடத்துப் பேச்சு? மருந்துக்கடையில் போய் யாராவது 'நான் அந்த அறையில் இல்லை' என்பார்களா? பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு 'நான் அவரைத் தொடவில்லை' என்பார்களா? யார் அந்த அவர்? எந்த அறை?

போன வியாழக்கிழமை மாலை நானே உன் வராந்தா போனுக்குக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். 'ஷி இஸ் அவுட்' என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்கு அர்த்தம் கேட்க எனக்கு மாஸ்டர் தேவைப்படவில்லை. சனிக்கிழமை வகுப்பு உள்ளவளுக்கு வியாழக்கிழமை வெளியே என்ன வேலை?

நீ துணிக்கடையில் வேலை பார்த்த காலத்தில் பத்து நிமிடம் தாமதமானால்கூட நான் கேட்பேன், நீ கோபப்படுவாய். அப்போது நான் கேட்டது தப்பு என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. நேராகக் கேட்கிறேன், நேராகப் பதில் எழுது.

பாப்பா கணக்கில் எழுபத்தெட்டு. முடியை வெட்டவில்லை.

உன்,
பாப்பா அப்பா


மார்ச் 29

அன்புள்ள உங்களுக்கு,

வியாழக்கிழமையும் ஒரு மணி நேரம் வகுப்புக்குப் போகிறேன். ஓட்டுநர் காசு வாங்காமல் தனியாகச் சொல்லித்தருகிறார். நூலகத்துக் கூடத்தில்தான், நூறு பேர் கண்ணெதிரே. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. இன்னும் சில வாரம்தான்.

நீங்கள் நினைப்பது எதுவும் இல்லை. என்ன என்று இப்போது எழுத முடியாத நிலைமை. இங்கே யார் எதை யாரிடம் சொல்வார்கள் என்று தெரியவில்லை. நெட்டை அக்காகூட என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. நான் வரும்போது பேச்சை நிறுத்துகிறார்கள். கடிதத்தைத் தபால் பெட்டியில் நானே போடுகிறேன். அலுவலகத்தில் கொடுப்பதில்லை.

ஒரு உதவி வேண்டும். நம் தெருமுனையில் வக்கீல் குமாஸ்தா இருக்கிறாரே, அவரிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேளுங்கள். ஒரு தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது செல்லுமா? பிறகு அதை மாற்ற முடியுமா? யாருக்காக என்று சொல்ல வேண்டாம். சீக்கிரம் எழுதுங்கள்.

என்னைக் கொஞ்ச நாள் நம்புங்கள். வேறு எதுவும் கேட்கவில்லை.

உங்கள்,
பாப்பா அம்மா


ஏப்ரல் 14

பாப்பா அம்மாவுக்கு,

குமாஸ்தாவிடம் கேட்டேன். அவர் முதலில் கேட்டது, "என்ன தாள்? கல்யாணப் பதிவா, விவாகரத்தா?" என்பதுதான். அவர் வாயிலிருந்து வந்ததைத்தான் நானும் உன் கடிதம் வந்ததிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். பதில் கேட்க நிற்கவில்லை, வந்துவிட்டேன்.

என்ன கையெழுத்து அது? யாரோடு போட்டாய்? ஒரு ஆள் காசு வாங்காமல் வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து உனக்குப் பாடம் எடுக்கிறான் என்கிறாய். நெருப்பில்லாமல் புகையாது. அந்த ஊர்ப் பேச்சு எனக்குத் தெரியாது என்பதால் என்னை எத்தனை நாள் ஏமாற்றலாம் என்று நினைக்கிறாய்?

நம்பு என்று எழுதுகிறாய். நம்பச் சொல்கிறவர்கள் ஏன் விவரம் சொல்வதில்லை?

நீ எழுத மாட்டாய் என்று தெரிந்துபோனது. தெரிந்துகொள்ள எனக்கு வேறு வழி இருக்கிறது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன். உன் பதிலுக்காக இனி நான் காத்திருக்கப் போவதில்லை.

பாப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை. அம்மா ஏன் வாக்கியம் அனுப்பவில்லை என்று கேட்கிறாள்.

இப்படிக்கு,
அவள் அப்பா


மே 12

பாப்பாவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதம் நீளம். உட்கார்ந்து படியுங்கள். இனி மறைக்க எதுவும் இல்லை, யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம்.

பிப்ரவரி 11 அன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் மேற்பார்வையாளர் அம்மா என்னைக் கூப்பிட்டு, சலவைக்காரர் வரவில்லை, கீழே போய்ப் படுக்கை விரிப்புகளை மடித்துவை என்றார். மாடியில் எப்போதும் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது விதி. அன்று நெட்டை அக்காவையும் வேறு பக்கம் அனுப்பியிருந்தார். நான் சலவை அறையில் இருந்தபோது வாத்தியார் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். கட்டிலின் பக்கக் கம்பியை யாரோ இறக்கிவிட்டு ஏற்றாமல் போயிருக்கிறார்கள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. நான் மேலே வரும்போது அவரைத் தூக்குப்படுக்கையில் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். என் பக்கம் கையை நீட்டினார். பிடிப்பதற்குள் லிஃப்ட் மூடிவிட்டது.

மாலை ஐந்து மணிக்கு மேற்பார்வையாளர் அம்மா டீ வாங்கிக் கொடுத்து, ஒரு தாளை என் முன்னால் வைத்தார். 'ஜஸ்ட் எ ஃபார்மாலிட்டி' என்றார். தோளைத் தட்டினார். எல்லோரும் போடுவார்கள் போலிருக்கிறது என்று போட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்து நெட்டை அக்கா படிக்கட்டில் வைத்து, நீ ஏன் அப்படி எழுதிக் கொடுத்தாய் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டாள். நான் என்ன எழுதிக் கொடுத்தேன் என்பதே எனக்குத் தெரியாது.

தாளின் நகலைக் கேட்டு வாங்கவே பத்து நாள் ஆனது. அதை ஓட்டுநரிடம் கொண்டுபோனேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, நான் படித்துச் சொல்லட்டுமா, நீயே படிக்கிறாயா என்று கேட்டார். அவர் சொன்னால் அதுவும் இன்னொருவர் சொன்னதாகத்தானே இருக்கும்? யார் சொல்வதையும் நம்பும் நிலையில் நான் இல்லை. நானே படிக்கிறேன் என்றேன். ஏழு வரியைப் படிக்க ஐந்து வியாழக்கிழமை ஆனது. நான் கம்பியை இறக்கிவிட்டு, சொந்த வேலையாக வெளியே போய்விட்டேன் என்று எழுதியிருந்தது. அடியில் என் கையெழுத்து.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லியிருக்க வேண்டும். முதல் நாளே எழுத உட்கார்ந்தேன். சலவை அறையில் இருந்தேன் என்று எழுதினால், சலவை அறையில் வேறு யார் இருந்தது என்று கேட்பீர்களோ என்று தோன்றியது. தோன்றியதும் பேனாவை வைத்துவிட்டேன்.

மே 6 அன்று விசாரணை. இல்லங்களைக் கண்காணிக்கும் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாவும் ஒரு இளைஞரும் வந்திருந்தார்கள். தமிழில் சொல்ல ஒரு பெண்ணைப் போனில் இணைத்து மேஜை நடுவில் வைத்திருந்தார்கள். முதலில் என் தாளைப் படித்தார்கள். அந்தக் கையெழுத்து என்னுடையது, அந்தச் சொற்கள் என்னுடையவை அல்ல என்றேன். அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள்.

அப்போது மேற்பார்வையாளர் அம்மா தன் கோப்பிலிருந்து ஒரு உறையை எடுத்தார். இவள் எப்படிப்பட்டவள் என்று இவள் கணவரே எழுதியிருக்கிறார் பாருங்கள் என்று நீட்டினார். அதிகாரி அம்மா வாய்விட்டுப் படித்தார். அழகாக டைப் அடித்திருந்தது. என் மனைவி என்னிடம் விஷயங்களை மறைக்கிறாள். அவள் பேச்சில் உண்மை இல்லை. வியாழக்கிழமைகளில் அவள் யாரோடு போகிறாள் என்று தயவுசெய்து எனக்குத் தெரிவிக்கவும். கடைசி வரி, 'ப்ளீஸ் கீப் ஆன் ஐ ஆன் ஹர்'.

நான் ஜனவரியில் உங்களுக்கு அனுப்பிய வாக்கியம். 'ஹிம்' என்பதை 'ஹர்' என்று மாற்றியிருந்தீர்கள். தப்பில்லாமல் இருந்தது.

போனில் இருந்த பெண் மெதுவாக, "அக்கா, இதைத் தமிழ்ல சொல்லட்டுமா?" என்று கேட்டாள். முகம் தெரியாதவளுக்குக்கூட அதைச் சொல்ல மனம் வரவில்லை. "வேணாம்மா. புரிஞ்சிடுச்சு" என்றேன்.

இத்தனை மாதம் படித்ததில், ஒரு சொல்கூட நழுவாமல் எனக்குப் புரிந்த முதல் ஆங்கிலக் கடிதம் அதுதான்.

அழவில்லை. அழுதால் அந்த அம்மா ஜெயித்துவிடுவார் என்று மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் போனை நம்பி இருக்கவில்லை. "தட் லெட்டர் இஸ் அபவுட் மை ஹவுஸ். திஸ் பேப்பர் இஸ் அபவுட் ரூம் சிக்ஸ்" என்றேன். அந்தக் கடிதம் என் வீட்டைப் பற்றியது, இந்தத் தாள் ஆறாம் அறையைப் பற்றியது. அதிகாரி அம்மா தலையை நிமிர்த்தி என்னை அப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

என் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். தாளில் கம்பிக்கு 'ரெய்ல்' என்று இருக்கிறது. அந்தச் சொல் என் நோட்டில் மார்ச் மாதம்தான் வருகிறது. அதுவரை நான் அதைக் கம்பி என்றுதான் நினைத்தேன், ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் உண்டென்றே யோசித்ததில்லை. பிப்ரவரி 11இல் எனக்குத் தெரியாத சொல்லை நான் எப்படி எழுதியிருப்பேன்? இளைஞர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். மருந்துக்கடை, தபால் நிலையம், 'கோல்டு' என்று ஒரே மாதிரி இரண்டு தடவை எழுதி, பக்கத்தில் குளிருக்கும் தங்கத்துக்கும் நான் வரைந்திருந்த பொம்மைகள். பிறகு சலவை அறைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். நான் உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் அதில் இருந்தன. கதவருகே நின்றிருந்த நெட்டை அக்கா தானாகவே உள்ளே வந்து, அன்று மாடியில் ஆளே இல்லை என்று சொன்னாள். அவளை எங்கே அனுப்பினார்கள் என்பதையும் சொன்னாள்.

என்மேல் குற்றம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மேற்பார்வையாளர் அம்மாவை, அவர்மேல் நடக்கும் தனி விசாரணை முடியும்வரை வரவேண்டாம் என்றிருக்கிறார்கள். வாத்தியார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்தது.

நீங்கள் நூறு கேள்வி கேட்டீர்கள். ஒன்றுகூட 'உனக்கு என்ன ஆச்சு?' என்று கேட்கவில்லை. விசாரணை முடிந்து அறைக்கு வந்து உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்து அதைத்தான் தேடினேன்.

இனி உங்களுக்கு வாக்கியங்கள் அனுப்ப மாட்டேன். பாப்பாவுக்குத் தனியாக எழுதுவேன், அவள் பெயருக்கு.

பாப்பா அம்மா


ஜூன் 3

அன்புள்ள உனக்கு,

கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து படித்தேன். வெளியே யாரோ சாவியோடு வந்து கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாஸ்டர்தான் அப்படி எழுதிவிட்டார் என்று முதலில் எழுதத் தொடங்கினேன். கிழித்துவிட்டேன். அவர் ஒரு வரியும் தானாகச் சேர்க்கவில்லை. நான் சொல்லச் சொல்ல டைப் அடித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, "இது வேணுமா? யோசிச்சுக்குங்க" என்றார். நான்தான் அடிக்கச் சொன்னேன். கண் வைத்துக்கொள்ளுங்கள் என்ற வரி எனக்கே தெரியும் என்று பெருமையாகச் சொல்லிச் சேர்த்தேன்.

நீ துணிக்கடையில் வேலை பார்த்தபோது பத்து நிமிடம் தாமதம் என்று கேட்டேனே. அந்த நாட்களில் நான் கடைக்கு எதிரே நின்று பார்த்திருக்கிறேன். மூன்று தடவை. நீ கணக்கு முடித்துவிட்டு, கூட வேலை பார்த்தவளுக்கு முழங்கால் வலி என்று அவள் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாய். அதைப் பார்த்த பிறகும் வீட்டுக்கு வந்து ஏன் தாமதம் என்று கேட்டேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

உனக்கு என்ன ஆச்சு என்று இப்போது கேட்டால் அது கேள்வியாக இருக்காது. ஆனாலும் கேட்கிறேன். சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? அந்த நெட்டை அக்கா இப்போது உன்னோடு பேசுகிறாளா?

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

பாப்பா அப்பா


ஆகஸ்ட் 19

அன்புள்ள உனக்கு,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து எனக்கு எதுவும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, இப்படியும் ஒரு கடிதத்தை எங்கேயாவது தொடங்க வேண்டியிருக்கிறதே.

பாப்பா பள்ளியில் ஆங்கிலத்தில் பேசிப் பரிசு வாங்கினாள். மேடையில் அவள் பேசியது எனக்கு முக்கால்வாசி புரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்த இடத்தில் நானும் சிரித்தேன். முடியை அவளே பின்னிக்கொள்கிறாள். ஒரு பக்கம் கோணல்தான்.

வாரம் இரண்டு நாள் மாஸ்டரிடம் உட்கார்கிறேன். கடிதம் டைப் அடிக்க இல்லை, படிக்க. ஐம்பது வயதில் நாக்கு வளையவில்லை. நேற்று அவர் எதிரே உட்கார்ந்து 'ஐ வாஸ் ராங்' என்று பத்துத் தடவை சொன்னேன். உச்சரிப்புக்காகத்தான் சொல்லச் சொன்னார். பத்தாவது தடவை அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

நேற்று தபாலில் உன் உறை வந்தது. பாப்பா பெயருக்கு. அவள் பள்ளியிலிருந்து வர இரண்டு மணி நேரம் இருந்தது. கடை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கனமாக இருந்தது, நான்கைந்து பக்கம் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தமிழா ஆங்கிலமா என்றுகூடத் தெரியவில்லை. வழியில் மழையில் நனைந்திருக்கும் போல, உறையின் ஒட்டு ஒரு பக்கம் முழுக்கப் பெயர்ந்திருந்தது. விரலை வைத்தால் திறந்துகொள்ளும். என்னைப் பற்றி ஏதாவது இருக்குமா, வருவதைப் பற்றி இருக்குமா, வராததைப் பற்றியா? எல்லாம் என் கைக்கு அரை அங்குலத்தில் இருந்தது.

எழுந்து போய்ப் பசை வாங்கிவந்து ஒட்டினேன். காய்கிறவரை மேலே ஒரு பூட்டை வைத்தேன்.

அவள் வந்ததும் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்தாள், உறையைத் திருப்பிப் பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தாள். மறுபடியும் சிரித்தாள்.

நீ என்ன எழுதியிருந்தாய் என்று நான் கேட்கவில்லை.

பாப்பா அப்பா